கேள்விக்காரியின் நீல உறை

என் அண்ணி அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதைப் பார்க்க வேண்டும். இரண்டே தட்டு. தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் முழு ஆளும் தெரிகிற மாதிரி ஓரமாக நின்றுகொள்வாள். "கதவைத் திறக்கறவங்களுக்கு அதை மூடறதுக்கும் இடம் விடணும்" என்பாள். நானாக இருந்தால் கதவு திறந்த கையோடு ஒரு காலை உள்ளே வைத்திருப்பேன். அதனால்தான் அவள் கேள்வி கேட்டுப் பிழைக்கிறாள், நான் துணி தைத்துப் பிழைக்கிறேன்.

வீட்டில் எனக்குப் பெயர் ஊசி. தையல் ஒரு காரணம், வாய் இன்னொரு காரணம். அண்ணன் வீட்டு முன்னறையில்தான் என் மெஷின் ஓடுகிறது. அண்ணியை நேரில் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன்; கதை சொல்லும்போது 'அவள்' என்றால்தான் எனக்கு வாய் வரும், மன்னிக்கவும். நாத்தனார் வாயிலிருந்து அண்ணி கதை என்றதும் சிலர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். தீட்டிய காதை இப்போதே மூடிக்கொள்ளலாம். அவளிடம் எனக்குக் குறை உண்டு, ஆயிரம் உண்டு. ஆனால் அவளைப் பொய்க்காரி என்று எவனாவது சொன்னால் என் கத்தரிக்கோல் சும்மா இருக்காது. சொன்னார்கள். அந்தக் கதைதான் இது.

அவள் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்கிறவள். எந்தச் சோப்பு போடுகிறீர்கள், எந்தப் பற்பசை, ராத்திரி எந்த சேனல் பார்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். காகிதக் காலத்திலிருந்தே இருக்கிறாள். தெருப் பிள்ளைகள் அவளைக் 'கேள்வி ஆன்ட்டி' என்பார்கள். பிறகு எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்தார்கள், விரலால் தொட்டால் போதும் என்றார்கள். இவளுக்குக் கையில் பேனா இல்லாமல் வாயே திறக்காது. முனையில் ரப்பர் வைத்த பேனா ஒன்றைத் தேடிப் பிடித்து, அதனால் எழுதுகிற மாதிரியே திரையில் தட்டிக்கொண்டிருப்பாள். "பேனா பிடிச்சிருந்தா, நாம சொல்றதுக்கு மதிப்பு இருக்குன்னு எதிர்ல இருக்கறவங்க நினைப்பாங்க" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. வெறும் பழக்கதோஷம் என்பது என் கட்சி.

அண்ணன் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். மோட்டார் ஓடினால் ஓடியது, ஓடாவிட்டால் ஓடவில்லை, நடுவில் கருத்து என்று ஒன்று கிடையாது அவருக்கு. "நாலு பேரைக் கேட்டுட்டு ஊரே இப்படித்தான்னு சொல்லிடுவியா?" என்று சாப்பிடும்போதெல்லாம் சீண்டுவார்.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீங்கதானே சொல்வீங்க? அதான் என் வேலை. ஆனா நல்லாக் கிளறிட்டு எடுக்கணும். அடிப்பிடிச்ச எடத்துல ஒண்ணை எடுத்துட்டு, பானையே கருகிடுச்சுன்னு சொல்லக் கூடாது" என்பாள். அதோடு அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இந்தத் தடவை வந்த வேலை போன் வேலை. ஊரெல்லாம் போன் கடை வைத்திருக்கிற ஒரு கம்பெனிக்கு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் எந்த போனை வாங்கிக் குவிப்பது என்று தெரிய வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு கேட்டு வரச் சொன்னார்கள். போனின் முதுகில் இருக்கும் சின்னத்தை வைத்துத்தான் பிள்ளைகள் பேசுவார்கள். கழுகு, முக்கோணம், வட்டம் என்று மூன்று பெரிய கட்சி. கழுகு என்று அவர்கள்தான் சொல்கிறார்கள், என் கண்ணுக்கு அது காக்கா.

எங்கள் வீட்டிலேயே ஒரு பதினாறு வயது இருக்கிறது. அண்ணன் மகள். அவள் பெயர் வாயாடி; அதற்கு மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று அண்ணன் சொல்வார். அவள் முக்கோணக் கட்சி. முக்கோணம், முக்கோணம் என்று மாதக்கணக்கில் ஜபம். "இந்த வேலை முடியட்டும், பாக்கலாம்" என்றிருந்தாள் அண்ணி. எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் பாதி வாங்கியாயிற்று என்று அர்த்தம்.

வேலை ஆரம்பித்த சில நாளில் ஒரு சாயங்காலம் வாயாடியின் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணிக்கு யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்கக் கை அரிக்கும். அவர்கள் வீட்டில் போனில் சம்மதம் கேட்டுவிட்டு, டேப்லெட்டை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். அப்படிப் பிடிப்பது அவர்கள் தொழில் விதி. திரையில் இருக்கும் பதில் வரிசை எதிரில் இருப்பவர் கண்ணில் படக் கூடாது, பட்டால் முதலில் இருப்பதையே சொல்லிவிடுவார்கள். இரண்டு பெண்களும் கொஞ்சமும் யோசிக்காமல் 'கழுகு' என்றார்கள். அண்ணி நன்றி சொல்லி, பிஸ்கட் கொடுத்து அனுப்பினாள்.

அவர்கள் தெரு திரும்பியதும் வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி இளிப்பு?"

"அம்மா, அதுங்க ரெண்டும் என்னை மாதிரியே முக்கோணத்துக்குத் தவம் கெடக்குதுங்க. நீ இவ்ளோ பெரிய கழுகை மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு கேட்டா வேற என்ன சொல்லும்? சாப்பாடு போட்டவங்க மூஞ்சியைப் பாத்து உப்பு இல்லன்னு நீ சொல்லுவியா?"

அண்ணி டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளிக் கழுகு பளபளவென்று சிறகை விரித்திருந்தது. நிறுவனம் மொத்தமாக மலிவு விலையில் பிடித்த பழைய டேப்லெட்டுகள் அவை, எல்லாமே கழுகு. அதன் திரைப் பக்கத்தையே பார்த்துப் பழகியவளுக்கு முதுகுப் பக்கம் இப்போதுதான் உறைத்தது. "அடக் கடவுளே, நான் கேள்வி கேக்கலடி, பதிலைக் கையில புடிச்சுக் காட்டியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே மேனேஜரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இவள் பேசி முடிப்பதற்குள் வாசலைப் பார்க்கிற ரகம். "பசங்க அதையெல்லாம் கவனிக்க மாட்டாங்கம்மா. போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

அவள் நேராக என் மெஷின் முன்னால் வந்து நின்றாள். "ஊசி, இதுக்கு ஒரு உறை தைச்சுக் குடு. கழுகோட ஒரு எறகு கூட வெளில தெரியக் கூடாது."

பள்ளிச் சீருடைப் பாவாடை தைத்து மிஞ்சிய கருநீலத் துணி இருந்தது. உள்ளே அட்டை வைத்து, புத்தகம் மாதிரி திறக்கிறபடி தைத்தேன். பேனா செருக ஒரு வளையம் வேண்டுமாம், அதையும் வைத்தேன். நிமிர்த்திப் பிடித்தால் எதிரில் இருப்பவருக்கு வெறும் நீலத் துணிதான். தைத்ததில் எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

அன்றிலிருந்து பதில்கள் மாறின. முக்கோணம் என்று ஒருத்தி, வட்டம் என்று ஒருத்தன், "எங்க அண்ணனோட பழசு கெடைச்சா போதும் ஆன்ட்டி" என்று ஒருத்தன். முன்பு டக்கென்று சொன்னவர்கள் இப்போது விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தார்கள். கழுகுதான் வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அவள் அதிகம் சந்தோஷப்பட்டாள். "இவன் நெஜமாவே கழுகுக்காரன் ஊசி! ஒளிச்சு வச்சும் அதையே சொல்றான் பாரு!" அவளுடைய சந்தோஷமெல்லாம் இந்த மாதிரி ரகம்தான், நகை நட்டுக்கெல்லாம் அந்த முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் இடி விழுந்தது. ஒரு மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வெட்டு மேசை மேலேயே உட்கார்ந்தாள். துணி மேல் உட்காராதீர்கள் என்று சொல்ல வந்தவள் அவள் முகத்தைப் பார்த்து மெஷினை நிறுத்தினேன்.

"மத்த எல்லாரோட பேட்டிலயும் கழுகு பறக்குதாம். என்னோடதுல மட்டும் றெக்கை ஒடிஞ்சு கெடக்குதாம். அதனால என்னோடதை மட்டும், அதுவும் கடைசியா எடுத்ததை, சரிபார்த்திருக்காங்க."

சரிபார்ப்பது என்றால், அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண் பேட்டி கொடுத்தவர்களுக்கு போன் செய்வாள். ஒரு அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே படிப்பாள். ஆள் வந்தார்களா, மரியாதையாகப் பேசினார்களா, பதில்களை டேப்லெட்டில் பதிவு செய்தார்களா என்று மூன்று கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று பதில். முதல் இரண்டுக்கும் எல்லாரும் ஆம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதுக்கு அத்தனை பேரும் இல்லை.

"டேப்லெட்டே எடுத்துட்டுப் போகலயாம் நானு. சும்மா பேசிட்டு வந்து, வீட்டுல உக்காந்து இஷ்டத்துக்குத் தட்டி விட்டேனாம். வீட்டுப் பேட்டின்னு எழுதிட்டாங்க."

அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. வீட்டுப் பேட்டிக்காரி என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் எவரும் வேலை தர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்து டேப்லெட்டை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம், அன்றைக்கே பெயரும் போய்விடுமாம். எங்கெல்லாம் போனோம் என்று காட்டுகிற வசதி இருக்குமே என்று கேட்டேன். அந்தப் பழைய டப்பாக்களில் அது எப்போதோ செத்துவிட்டதாம்.

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "வாங்க, இப்பவே போய் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம்" என்று எழுந்தேன்.

"கத்தினா வீட்டுப் பேட்டி தெருப் பேட்டி ஆயிடுமா? உக்காரு."

அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "விட்டுத் தள்ளு. ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட மாதிரி அந்த உறை உனக்கு எதுக்கு? எல்லாரும் கழுகுன்னா நீயும் கழுகுன்னு குடுத்துட்டுப் போறதுதானே?" என்றார். அவருக்கு அவள் மேல் அக்கறைதான், ஆனால் அக்கறையை எங்கே எப்படிக் காட்டுவது என்று மட்டும் தெரியாது.

எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாயாடி உள்ளே வந்தாள். "அம்மா, எனக்குப் போன் வேணாம். சும்மாதான் கேட்டேன். பழசே நல்லாத்தான் இருக்கு."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பேட்டியில் யாராவது ரொம்பச் சீக்கிரம் பதில் சொன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "போய்ப் படி" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஊசி, நான் பொய் சொல்லல. அந்தப் பிள்ளைங்களும் பொய் சொல்லியிருக்காது. நடுவுல எங்கயோ என்னமோ ஆயிருக்கு. அது என்னன்னு பாக்காம நான் டேப்லெட்டைக் குடுக்க மாட்டேன். பேரு போகணும்னா நான் செஞ்ச தப்புக்குப் போகட்டும், செய்யாததுக்குப் போக விட மாட்டேன்."

மறுநாள் மெஷினைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன். பேட்டி கொடுத்த ஒரு பெண்ணின் வீடு. மாடியில் துணி காய்கிற, கீழே இரண்டு சைக்கிள் நிற்கிற சாதாரண வீடு. அதே இரண்டு தட்டு, அதே பின்னால் நகர்வது. பெயரே பறிபோகிற நேரத்திலும் மூடுவதற்கு இடம் விட்டாள் பாருங்கள்! அம்மாக்காரி கதவைத் திறந்தாள், பின்னாலேயே அந்தப் பெண்.

"ஆன்ட்டி! மறுபடியும் கேள்வியா?"

"ஒண்ணே ஒண்ணும்மா. ஆபீஸ்லருந்து உனக்கு போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்களே. நீங்க வந்தீங்க, நல்லாப் பேசினீங்கன்னு சொன்னேன். அந்த அக்காதான் சட்டுனு வச்சிட்டாங்க."

"டேப்லெட்ல பதிவு பண்ணாங்களான்னு கேட்டாங்களா?"

"ஆமா. இல்லன்னேன். நீங்க நோட்டுலதானே எழுதினீங்க? நீல நோட்டு, பேனா எல்லாம் வச்சிருந்தீங்களே."

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மாக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். நான் தைத்த உறை அவ்வளவு அச்சாக ஒரு நோட்டாக இருந்திருக்கிறது. அதோடு பேனா, அதைத் தட்டுகிற அழகு. கழுகை ஒளிக்கப்போய் டேப்லெட்டையே ஒளித்திருக்கிறோம்.

தெருவுக்கு வந்ததும் சொன்னேன்: "அந்தப் பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போயிடலாம் அண்ணி. நேர்ல சொல்லட்டும்."

"பச்சப் பிள்ளையக் கொண்டுபோய் சாட்சி சொல்ல வைக்கறதா? அப்புறம் நான் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்னு அதுக்கும் ஒரு பேரு வைப்பாங்க. வேணாம்." கொஞ்ச தூரம் நடந்ததும் என் பக்கம் திரும்பினாள். "அவங்க கேட்ட கேள்வியை அவங்களையே கேப்போம்."

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். கண்ணாடித் தடுப்பு வைத்த அறை, நீள மேசை, சுழலும் நாற்காலிகள். ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது. மேனேஜரும் அந்தச் சரிபார்க்கிற பெண்ணும் இருந்தார்கள். அண்ணி சொல்லியிருந்தபடி நான் டேப்லெட்டின் பெட்டியை மேசை மேல் வைத்தேன். உள்ளே சார்ஜர் மட்டும் இருந்தது. திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அது எங்கள் குற்றமா?

"இவங்க என் நாத்தனார். சார், போறதுக்கு முன்னாடி உங்களை ஒரு பேட்டி எடுத்துக்கறேன். நீங்க எப்படிச் சரிபார்க்கறீங்கன்னு தெரிஞ்சுக்கணும். கேள்வி கேட்டே பொழைச்சவ, கடைசியா ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். போகிறவளிடம் என்ன முரண்டு என்று நினைத்திருப்பார். "கேளுங்கம்மா" என்றார்.

அவள் பையிலிருந்து நீல உறையை எடுத்து, நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி, பேனாவை உருவிக்கொண்டாள். சரிபார்க்கும் கேள்விகளை யார் எழுதினார்கள்? எத்தனை பேருக்கு போன் செய்வீர்கள்? ஒருத்தர் பதில் சந்தேகமாக இருந்தால் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்பீர்களா? ஒவ்வொன்றாகக் கேட்டாள், குரல் உயரவே இல்லை. அவர் முதலில் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்து, பிறகு சூடு பிடித்துப் பேசினார். மனுஷனுக்குத் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் பிடிக்கத்தானே செய்யும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் உறையை மூடிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"நன்றி சார்." அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "ம்மா, இப்ப நீ சாரைச் சரிபாரு. உன் அட்டையில இருக்கற மூணு கேள்வியை அப்படியே படி, ஒரு வார்த்தை மாத்தாத."

அந்தப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். அவர் கையை ஆட்டினார், படித்துத் தொலை என்று. அவள் படித்தாள். "உங்களைப் பேட்டி எடுக்க ஆள் வந்தார்களா?"

"வந்தாங்க."

"மரியாதையாகப் பேசினார்களா?"

"பேசினாங்க."

"பதில்களை டேப்லெட்டில் பதிவு செய்தார்களா?"

"இல்ல, நோட்டுலதானே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். அவர் கண் மேசை மேலிருந்த பெட்டிக்குப் போனது. அங்கிருந்து அண்ணியின் பைக்கு வந்தது.

அண்ணி ஜிப்பைத் திறந்து, உறையைப் பிரித்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் சொன்ன பதில் அத்தனையும் வரிசையாக இருந்தது. பிறகு உறையை முழுக்க உருவி, டேப்லெட்டைக் கவிழ்த்து மேசை மேல் வைத்தாள். வெள்ளிக் கழுகு எல்லோரையும் பார்த்துச் சிறகை விரித்துக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது அந்தச் சரிபார்க்கிற பெண்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல் இருந்தது, அண்ணி என் முழங்கையைக் கிள்ளி உட்கார வைத்தாள்.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பு எங்க மேலதாம்மா. உங்க பேரை வீட்டுப் பேட்டி வரிசையிலருந்து எடுத்துடறேன். உங்க பேட்டி எல்லாம் செல்லும். கெளம்புங்க, நல்லபடியா முடிஞ்சது."

நான் எழுந்துவிட்டேன். வந்த காரியம் ஆயிற்று, இதற்கு மேல் என்ன? அண்ணி எழவில்லை.

"முடியல சார். என்னோடது செல்லும்னா, மத்தவங்க கழுகைக் காட்டிக் காட்டிக் கேட்டுட்டு வந்தது என்ன ஆகும்?"

"அதெல்லாம் சேர்த்தாச்சு. கடைக்காரங்களுக்குக் காட்டியும் ஆச்சு. அவங்களுக்கும் ரொம்பத் திருப்தி."

"அவங்க கழுகை வாங்கிக் குவிப்பாங்க. அது தூசி பிடிச்சுக் கெடக்கும். அப்ப கேட்டது யாருன்னு கேப்பாங்க, அதுல என் பேரும் இருக்கும்." அவள் குரலில் இப்போதுதான் லேசாகச் சூடு ஏறியது. "சார், உறை போட்டு ரெண்டு நாள் எல்லாரும் திரும்பக் கேக்கட்டும். பதில் மாறலைன்னா, நான் சொன்னது தப்பு, என் பேரை அந்த வீட்டுப் பேட்டி வரிசையில நீங்களே சேத்துடுங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன். மாறிச்சுன்னா முதல்லருந்து எடுக்கணும்."

கைக்கு வந்த நல்ல பெயரை மறுபடியும் பந்தயத்தில் வைக்கிறாளே, பைத்தியமா இவளுக்கு? மேனேஜர் வாசலைப் பார்க்கவில்லை. முதன்முதலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இந்த உறை இன்னும் எத்தனை தைக்க முடியும்?"

இரண்டு நாள் வேலைக்கு வேண்டியதை அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். இந்த முறை பேனா வளையம் வைக்கவில்லை. எல்லாரும் போய்க் கேட்டு வந்தார்கள். கழுகு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மேனேஜரே கடைக்காரர்களிடம் போய், தப்பாகிவிட்டது, திரும்ப எடுக்கிறோம் என்று சொன்னாராம். அவர்கள் கத்தினார்களாம். வாங்கிக் குவிப்பதற்கு முன்னால் சொன்னதால் பிழைத்தார் என்று அண்ணி சொன்னாள். சரிபார்க்கும் அட்டையிலும் மூன்றாவது கேள்வி மாறியது: 'பேட்டி எடுத்தவர் கையில் என்ன வைத்திருந்தார், சொல்லுங்கள்.' இப்போது அந்தப் பெண் பதிலைக் கேட்டு எழுத வேண்டும். அந்த வேலையை அண்ணிதான் அவளுக்குப் பழக்கினாள்.

சேதி வந்த அன்றைக்கு அண்ணன் கடைக்குப் போய் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மன்னிப்பு அவருக்கு அந்த வடிவில்தான் வரும். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி மகளைக் கூப்பிட்டாள்.

"வேலை கெட்டியாச்சு. சொல்லு, எந்த போன் வேணும்?"

"எதுவும் வேணாம்மா. அதான் அன்னிக்கே சொன்னேனே."

அண்ணி ஸ்பூனை வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இது அவ பதில் இல்ல ஊசி. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்ன பதில், செல்லாது. அவ எதிர்ல இப்ப நான்தான் கழுகு. நீ போய்க் கேளு, நான் இங்கயே இருக்கேன்."

போய்க் கட்டிலில் வாயாடி பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன பேட்டி எடுக்கத் தெரியும்? "ஏண்டி, முக்கோணம் முக்கோணம்னு உயிரை விட்டியே, அதுல அப்படி என்ன இருக்கு?"

அவள் கொஞ்ச நேரம் தலையணை உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்ல அத்தை. டியூஷன் கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் போனை மேசை மேல கவுத்து வைப்பாங்க. அப்ப முதுகு தெரியும்ல? என்னோடதுல சின்னமே அழிஞ்சு போச்சு. நான் மட்டும் பையிலயே வச்சுக்குவேன்." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மாவுக்குத் தைச்சியே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவியா? பழசுக்குப் போட்டுக்கறேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாதுல்ல."

இத்தனை நாள் எங்கள் வீட்டிலும் ஒருத்தி முதுகுப் பக்கத்துக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள், நான் பக்கத்து அறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அண்ணி அடுப்பங்கரையில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வைத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முக்கோணமே வாங்குவோம். வேலை முடியட்டும்னு சொன்னேன், முடிச்சிட்டேன். உறையும் ஒண்ணு தைச்சுக் குடு. காட்டணும்னா காட்டட்டும், மறைக்கணும்னா மறைக்கட்டும். அது அவ இஷ்டம், பயம் இல்ல."

மேனேஜர் கேட்டிருந்த மிச்ச உறைகளுக்கு வெட்டி வைத்த துணி மேசை மேல் மலையாகக் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதலில் வாயாடியுடையதைத் தைத்தேன். பேனா வளையம் வேண்டுமா என்று கேட்டேன், அம்மாவுடையதில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்றாள்.